கூட்டு மருந்து தொடங்கி 3 வாரம்: குமட்டல், கெட்ட கனவு, கையில் அரிப்பு

கேள்வி: எனக்கு வயது 36. கடலூர் முதுநகர் பக்கம் ஃபைபர் படகில் தொழில். சென்ற மாதம் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கையான சி.டி.4 210 என்றார்கள். உள்ளூரில் தெரிந்த முகங்கள் அதிகம் என்பதால் பஸ் ஏறிப் புதுச்சேரியில் போய் மருந்து வாங்குகிறேன். இரவு 9 மணிக்கு டி.எல்.டி. என்ற எச்.ஐ.வி. கூட்டு மாத்திரை ஒன்று, காலையில் பெரிய வெள்ளை மாத்திரை ஒன்று. 3 வாரமாகக் குமட்டல், தலைபாரம். கண்ணை மூடினால் கண்டபடி கனவு. 4 நாளாகக் கையில் அரிப்பு. வயிற்றெரிச்சலுக்கு இரவு சாப்பிட்டதும் அல்சர் டானிக் குடிக்கிறேன். இந்த மாத்திரை போட்டால் உடம்பு கருத்து, கன்னம் ஒட்டிப் போகும் என்கிறார்கள். கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமா?

பதில்: டி.எல்.டி.யை நிறுத்த வேண்டாம். ஆனால் அந்த அரிப்பை நாளைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் சொன்னதில் அதுதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது.

பெரிய வெள்ளை மாத்திரை கோட்ரிமாக்சசோலாக இருக்கும். சி.டி.4 350-க்குக் கீழே இருப்பவர்களுக்கு நிமோனியா போன்ற தொற்றுகள் வராமல் தடுக்கக் கொடுப்பது. அதில் சல்ஃபா வகை மருந்து இருக்கிறது; சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. தொடங்கிய இரண்டாவது வாரவாக்கில் தடிப்பும் அரிப்பும் வருவது பெரும்பாலும் இதன் வேலை. குமட்டலிலும் இதற்குப் பங்கு உண்டு. தோலைப் பார்த்துவிட்டுத் தொடர்வதா மாற்றுவதா என்று மருத்துவர் சொல்வார். அரிப்போடு காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, கொப்புளம் என்று ஏதாவது சேர்ந்தால் மட்டும் வெள்ளை மாத்திரையின் அடுத்த வேளையைப் போடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இனி டி.எல்.டி. அதில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என மூன்று மருந்துகள். தூக்கம் கெடுவதும் விநோதக் கனவுகளும் பெரும்பாலும் டோலுடெக்ராவிரால். 9 மணிக்கு மாத்திரை போட்டு, விடியுமுன் படகு தள்ளுகிறவருக்கு இருக்கிற நாலைந்து மணி நேரத் தூக்கத்தையும் கனவு தின்றுவிட்டால், கடலில் போய்க் குமட்டாமல் என்ன செய்யும்? இந்த மாத்திரைக்கு இரவுதான் என்று கட்டாயம் இல்லை. கரைக்கு வந்து, குளித்து, பகல் 1 மணிக்குச் சாப்பிட்டதும் போடுங்கள். நேற்று இரவு 9-க்குப் போட்டிருந்தால் இன்று பகல் 1-க்கே போடலாம். ஒரு நாள் மட்டும் இடைவெளி குறைவதால் கெடுதல் இல்லை. போட்ட 1 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடுங்கள், ஆனால் சேர்த்து இரண்டாகப் போடாதீர்கள். பெரும்பாலோருக்கு இந்தத் தொல்லைகள் சில வாரங்களில் அடங்கிவிடும்.

அடுத்து அந்த டானிக். இதைப் பலரும் கவனிப்பதில்லை, ஏன், மருந்துக் கடையில்கூடச் சொல்வதில்லை. அல்சர் டானிக்கில் உள்ள அலுமினியமும் மெக்னீசியமும் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. அதாவது நீங்கள் மருந்தை விழுங்குகிறீர்கள், ரத்தத்துக்குப் போதிய அளவு போவதில்லை. டானிக் குடித்து 6 மணி நேரம் கழித்து, அல்லது குடிப்பதற்கு 2 மணி நேரம் முன்பே டி.எல்.டி. போட வேண்டும். பகலுக்கு மாற்றிவிட்டால் இரவு டானிக் இடைஞ்சல் செய்யாது. இரும்பு, கால்சியம் மாத்திரைக்கும் இதே கணக்கு. ஆனால் இந்த இரண்டையும் சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் டி.எல்.டி.யோடு ஒன்றாகப் போடலாம்; டானிக்குக்கு அது பொருந்தாது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள், அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

கன்னம் ஒட்டுவது, உடம்பும் நகமும் கருப்பது எல்லாம் பொய் இல்லை, பழைய கதை. ஸ்டாவுடின், சிடோவுடின் என்று முன்பு கொடுத்த மருந்துகள் அப்படிச் செய்தன. உங்கள் மாத்திரையில் அவை இல்லை. டோலுடெக்ராவிரில் சிலருக்கு எடை கூடுவதுதான் வழக்கம். டெனோஃபோவிர் அரிதாகச் சிறுநீரகத்தைத் தொடும் என்பதால்தான் கிரியேட்டினின் என்ற ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்கிறார்கள். டோலுடெக்ராவிராலும் அது கொஞ்சம் ஏறித் தெரியும், ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

இவற்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது: விடாத காய்ச்சல், இருமல், கழுத்தில் கட்டி, தாங்க முடியாத தலைவலியோடு வாந்தி, கண் மஞ்சள், பார்வை மங்கல். மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் உள்ளே பதுங்கியிருந்த காசநோய் வெளியே தலைகாட்டுவதுண்டு. அதைப் பக்கவிளைவு என்று நினைத்து மாத்திரையை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு ரொம்பச் சோர்ந்து, செத்துவிடலாம் என்று தோன்றினாலும் உடனே சொல்ல வேண்டும். 1097 என்ற இலவச எய்ட்ஸ் உதவி எண்ணில் பேசலாம்.

புதுச்சேரி போய் வருவதில் தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் தொழில் போகும், அப்புறம் ஒரு மாதம் தவறும். எச்.ஐ.வி. மருந்து தரும் எந்த மையத்திலும் உங்கள் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. உடம்பு சீரானால் சில மாதத்துக்குச் சேர்த்தே மருந்து தருவார்கள். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் தடைக்காலத்தில் கேரளா பக்கம் வேலைக்குப் போகிற பழக்கம் இருந்தால் ஆலோசகரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், அங்கேயே மருந்து கிடைக்க வழி செய்வார்கள். டப்பாவில் இருக்கும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பையை எடுத்துவிடாதீர்கள். மாத்திரை கிலுகிலுவென்று சத்தம் போட்டு ஊருக்குக் காட்டிக்கொடுக்கும் என்று பஞ்சு அடைத்துக் கொண்டு வந்தார் ஒருவர். அது பரவாயில்லை, படகில் உப்புத் தண்ணீர் படாமல் இருந்தால் சரி. சாராயமும் புதுச்சேரியில்தான் கிடைக்கிறது, தெரியும். வேளை தவறுவதற்கு அதுதான் பெரிய காரணம்.

கடிதத்தில் மனைவியைப் பற்றி ஒரு வரி இல்லை. திருமணம் ஆனவர் என்றால் அவருக்கும், அவருக்குத் தொற்று இருந்தால் குழந்தைகளுக்கும் பரிசோதனை வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால் அவரை மையத்துக்கு அழைத்து வாருங்கள். ஆலோசகர் கூட இருந்து பேசுவார். 6ஆம் மாதம் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, பார்ப்பார்கள். கண்டறிய முடியாத அளவுக்கு அது இறங்கி, அப்படியே நீடித்தால் உறவின் வழியாகத் தொற்று பரவாது. அதுவரை ஆணுறை. நாளைக்குப் போகும்போது மாத்திரை டப்பாக்களோடு அந்த டானிக் பாட்டிலையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.