பெங்களூரில் டியூன் செய்த சூப்பர்சார்ஜர் சென்னையில் ஏன் தட்டுகிறது?

கேள்வி: என்னுடையது 2023 மாடல் மாருதி ஜிம்னி, மேனுவல் கியர். பெங்களூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இறக்குமதி சூப்பர்சார்ஜர் கிட் (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அமுக்கித் தள்ளும் கருவி) மாட்டி, அங்கேயே டியூனிங்கும் செய்து எடுத்து வந்தேன். கூடவே டயரை 235/75 ஆர்15க்கு மாற்றினேன். அங்கே ஓட்டியபோது ஒரு குறையும் இல்லை. சென்னை வந்த பிறகு, மதிய வெயிலில் ஓ.எம்.ஆரில் மூன்றாவது கியரில் அழுத்தி மிதித்தால் டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போலச் சத்தம். ஏலகிரி போனபோது அடிவாரத்தில் அதே சத்தம்; மேலே ஏற ஏறக் குறைந்துவிட்டது. செக் இன்ஜின் லைட் எரிகிறது, ஸ்கேன் செய்தால் பி0171 என்று வருகிறது. ஆயிலும் குறைகிறது. உள்ளூர் மெக்கானிக் ஆக்டேன் பூஸ்டர் ஊற்றினால் போதும் என்கிறார். இந்த கிட்டையே நம்ப முடியாதா? கழற்றிவிடலாமா சார்?
— மேடவாக்கம் வாசகர்

பதில்: கழற்றுவது பற்றி அப்புறம் பேசலாம். இன்றிலிருந்து ஆக்சிலேட்டரைப் பாதிக்கு மேல் மிதிக்காதீர்கள். இன்ஜின் 2,000 சுற்றில் இருக்கும்போது பெரிய கியரில் போட்டு இழுக்கவும் வேண்டாம். நீங்கள் கேட்கும் சத்தம் நாக்கிங். பிளக் பொறி பற்றவைத்த பிறகு, சிலிண்டரின் மூலையில் மீதமிருக்கும் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாக வெடிக்கும் சத்தம் அது. அதில் முதலில் உடைவது பிஸ்டனில் ரிங்குகளைத் தாங்கும் மெல்லிய விளிம்பு. அடுத்தது ஹெட் கேஸ்கெட். சூப்பர்சார்ஜர் மாட்டி இன்ஜின் போய்விட்டது என்று சொல்லப்படும் வண்டிகளைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் சூப்பர்சார்ஜர் நன்றாகவே சுற்றிக்கொண்டிருக்கும்.

நீங்கள் எழுதியதிலேயே பெரிய துப்பு ஒன்று இருக்கிறது. பெங்களூரில் சத்தமில்லை, சென்னையில் உண்டு. ஏலகிரி அடிவாரத்தில் உண்டு, மேலே குறைகிறது. மேலே குளிர்ச்சி என்பதால் குறைந்தது என்று நினைத்திருப்பீர்கள். அதுவும் ஒரு காரணம்தான், ஆனால் முக்கியக் காரணம் உயரம்.

பெங்களூர் கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 0.91 பார். சென்னையில் 1.01. பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜர் தனக்குள் வரும் காற்றை ஒரு விகிதத்தில் பெருக்கித் தள்ளுகிறது. அந்த விகிதம் 1.4 என்று வைத்துக்கொண்டால், பெங்களூரில் இன்ஜினுக்குள் போன மொத்த அழுத்தம் 1.27 பார், சென்னையில் 1.41. பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதல் காற்று. டேஷ்போர்டில் பூஸ்ட் மீட்டர் வைத்திருந்தாலும் இது கண்ணில் படாது. அது வெளிக்காற்றோடு ஒப்பிட்டுக் காட்டுவதால், அங்கே ஐந்து சொச்சம் பி.எஸ்.ஐ., இங்கே ஆறு என்று சின்ன வித்தியாசமாகத்தான் தெரியும்.

இப்போது டியூனிங் செய்தவர் பக்கம் வருவோம். இன்ஜினை நடத்தும் கணினியான இ.சி.யு.வில் எரிபொருள் அளவும் இக்னிஷன் டைமிங்கும், அதாவது பிளக் பொறி விடும் நேரமும், கட்டம் கட்டமாக எழுதப்பட்டிருக்கும்; இதைத்தான் மேப் என்கிறோம். பெங்களூரில் இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றி ஓட்டியபோது 1.27 பார் வரையுள்ள கட்டங்களைத்தான் அவரால் தொட முடிந்திருக்கும். அதற்கு மேலே உள்ளவை உத்தேசமாக நிரப்பிய எண்கள், அல்லது கம்பெனி எண்களே அப்படியே இருக்கின்றன. சென்னையில் நீங்கள் மிதிக்கும்போது இன்ஜின் போய் நிற்பது அந்தச் சோதிக்காத கட்டங்களில். இன்டேக் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் (எம்.ஏ.பி.) சென்சாரையும் மாற்றாமல் விட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். சூப்பர்சார்ஜர் இல்லாத இன்ஜின்களுக்கு வரும் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொஞ்சம் தாண்டியதும் அளப்பதை நிறுத்திவிடும். அதற்கு மேல் எவ்வளவு காற்று வந்தாலும் இ.சி.யு.வுக்கு ஒரே எண்தான் தெரியும், அந்த எண்ணுக்கு உரிய பெட்ரோலைத்தான் கொடுக்கும்.

இதன் மேல் வெயில். காற்றை அமுக்கினால் சூடாகும். 40 டிகிரி காற்றை 1.4 விகிதத்துக்கு அமுக்கினால், சூப்பர்சார்ஜரின் திறன் 60 சதவீதம் என்று வைத்தாலும், வெளியே வருவது 90 டிகிரியைத் தாண்டிய காற்று. அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இருந்தால் இதைக் கணிசமாக இறக்கலாம். ஆனால் டைடல் பார்க் சிக்னலில் ஏ.சி. போட்டு நின்றால் இன்டர்கூலரே சூடேறி உட்கார்ந்திருக்கும், சிக்னல் விழுந்ததும் மிதிக்கும் முதல் மிதியில் அந்தச் சூடு முழுக்க சிலிண்டருக்குள் போகும். சாதாரண ஓ.பி.டி. ஸ்கேனரிலேயே உள்ளே போகும் காற்றின் வெப்பத்தைப் பார்க்கலாம், சென்சார் சூப்பர்சார்ஜருக்குப் பின்னால் இருந்தால். பல கிட்களில் அது பழையபடி ஏர் ஃபில்டர் பக்கமே இருக்கும். அப்படியானால் இ.சி.யு.வும் 40 டிகிரி என்றே நம்பிக்கொண்டிருக்கிறது.

பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு. இது சாதாரண ஓட்டத்தில், அதாவது ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு இ.சி.யு. தன்னைத் திருத்திக்கொள்ளும்போது, அந்தத் திருத்தமும் எல்லை தாண்டிவிட்டால் வரும் கோட். இங்கே இரண்டு சந்தேகங்கள் எனக்கு. ஒன்று, நம் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைக்கும் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் கலப்பதால் முழுதாக எரிய, கலப்பில்லாத பெட்ரோலைவிடச் சுமார் 8 சதவீதம் அதிகம் தேவை. வெளிநாட்டில் எத்தனால் இல்லாத பெட்ரோலை வைத்து எழுதிய மேப்பை அடிப்படையாக வைத்திருந்தால் அந்த 8 சதவீதம் ஆரம்பத்திலேயே குறைகிறது. இரண்டாவது, சூப்பர்சார்ஜருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் இணைப்புகளில் கசிவு. குழாய்களுக்குள் புகை விட்டுப் பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட் செய்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். மெதுவான ஓட்டத்தில் மட்டும் கலவை மெலிந்தால் திருத்திக்கொள்ளலாம். முழு மிதியில் அந்தத் திருத்தமும் கிடையாது, அதுதான் ஆபத்து.

ஆயில் குறைவதைத் தனிப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் புகையை இன்டேக் மேனிஃபோல்டின் உறிஞ்சல் இழுத்துக்கொள்ளும் வகையில்தான் பி.சி.வி. வால்வு அமைந்திருக்கிறது. பூஸ்ட், அதாவது சூப்பர்சார்ஜர் தள்ளும் கூடுதல் அழுத்தம், வந்தால் உறிஞ்சல் மறைந்து எதிர்த்திசையில் அழுத்தம் வருகிறது. அந்த வால்வு இறுக்கமாக மூடாவிட்டால் காற்று கீழே இறங்கி, ஆயிலைச் சீல்கள் வழியாகவும் மூச்சுக் குழாய் வழியாகவும் வெளியே தள்ளும். அந்த ஆயில் மறுபடி இன்டேக்குக்குள் போய் கலவையின் ஆக்டேனைக் குறைக்கும், நாக்கிங் கூடும். பூஸ்ட் தாங்கும் ஒருவழி வால்வும், ஆயில் ஆவியைப் பிடித்து வைக்கும் ஒரு கேட்ச் கேனும் போட்டால் இது தீரும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் வேக்கம் குழாயிலும் ஒருவழி வால்வு சரியாக மூடுகிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். கிட் மாட்டும் அவசரத்தில் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் ஆயில் குறைய இன்னொரு காரணமும் இருக்கலாம், ரிங் விளிம்பு ஏற்கெனவே விரிசல் விட்டிருப்பது. அதனால் முதல் செலவு, சிலிண்டர்கள் அழுத்தத்தைக் கசியாமல் பிடித்து வைக்கின்றனவா என்று பார்க்கும் கம்ப்ரெஷன் டெஸ்டும் லீக் டவுன் டெஸ்டும். நான்கு சிலிண்டருக்குள் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டியூனிங்குக்குப் பணம் கொடுக்காதீர்கள், இன்ஜினைத் திறப்பதுதான் வழி. பிளக்கைக் கழற்றும்போது வெள்ளைப் பீங்கானில் மிளகுத் தூள் அளவில் பளபளக்கும் புள்ளிகள் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். இருந்தால் அது பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம். அதைப் பார்த்த பிறகும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் யோசனை கேட்காதீர்கள்.

கம்ப்ரெஷன் சரியாக இருந்தால், சென்னையிலேயே, மதிய வெயிலில், நீங்கள் வழக்கமாகப் போடும் பெட்ரோலோடு மறுபடி டியூன் செய்யுங்கள். வைடுபேண்ட் ஆக்சிஜன் சென்சார் வைத்து, முழு பூஸ்டில் லாம்டா (காற்று-பெட்ரோல் கலவையின் அளவுகோல்; 1க்குக் கீழே என்றால் பெட்ரோல் அதிகம்) 0.80 ஒட்டி நிற்கிறதா என்று லாக் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். லாக் தர மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். இன்ஜெக்டர்கள் 85 சதவீதத்துக்கு மேல் திறந்தே இருக்கின்றன என்று லாக் காட்டினால் பெரிய இன்ஜெக்டர் வேண்டும், எந்த மேப்பாலும் அதை ஈடுகட்ட முடியாது. பிளக் ஒரு படி குளிர்ச்சியான வகை, இடைவெளி 0.7 அல்லது 0.8 மி.மீ. சென்சாரை ஏமாற்றும் பிக்கிபேக் பெட்டியை விட முழு ரீமேப் மேல் என்பது என் கருத்து. ஆயிலை 5,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ஆக்டேன் பூஸ்டர் வேண்டாம். இ20 பெட்ரோலே 95 ஆக்டேன் அளவில் இருக்கிறது, உங்கள் பிரச்சினை அங்கே இல்லை. பெட்ரோல் குறைவாகப் போகும் சிலிண்டருக்கு ஆக்டேனைக் கூட்டினால் சத்தம் மட்டும் அடங்கும், சூடு அப்படியே இருக்கும். பல பாட்டில்களில் இருக்கும் மாங்கனீஸ் கலவை பிளக்கில் செந்நிறப் படிவமாகவும் உட்காரும்.

சூப்பர்சார்ஜரைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய கவலை இல்லை. பெல்ட் வழுக்குகிறதா, புல்லிகள் ஒரே நேரில் இருக்கின்றனவா, தனி ஆயில் ஊற்றும் வகையென்றால் அந்த ஆயில் மாற்றும் நாள் எப்போது, இவ்வளவுதான். பெல்ட்டை மட்டும் கழற்றிவிட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ வகைகளில் உருளைகள் சுற்றாமல் நின்றால் இன்ஜினுக்குப் போதுமான காற்று போகாது. சென்ட்ரிஃபியூகல் வகையில் வண்டி ஓடும், அவ்வளவே.

ஏர் ஃபில்டர் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். இட நெருக்கடியால் சில கிட்களில் அதை முன் பம்பருக்குப் பின்னால் கீழே இறக்கிவிடுவார்கள். பள்ளிக்கரணை பக்கம் டிசம்பர் மழையில் முழங்கால் தண்ணீரில் போனால் இன்ஜின் நேராகத் தண்ணீரைக் குடிக்கும், கனெக்டிங் ராடு வளையும். ஜிம்னி வாங்குவதே இப்படிப்பட்ட இடங்களில் போகத்தானே.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் புது டயர் பழைய 195/80 ஆர்15ஐ விட விட்டத்தில் சுமார் 6 சதவீதம் பெரியது. அந்த அளவுக்கு எல்லா கியரும் நீண்டுவிட்டது. 1,462 சி.சி.யும் 134 நியூட்டன் மீட்டர் டார்க்கும் உள்ள இன்ஜினுக்கு அது நன்றாகவே தெரியும். மலையில் இழுக்கவில்லை என்பதுதான் ஆரம்பக் குறையாக இருந்திருந்தால், டயரைப் பழைய அளவுக்கு மாற்றியோ டிஃபரன்ஷியல் பல் விகிதத்தை மாற்றியோ பாதிக் குறையைத் தீர்த்திருக்கலாம். நெடுஞ்சாலை வேகம்தான் ஆசை என்றால், கம்பெனியிலிருந்தே டர்போவோடு வரும் 2 லிட்டர் பெட்ரோல் மஹிந்திரா தாரின் 150 குதிரைத்திறனை இந்த வழியில் துரத்துவது செலவுக்கு ஏற்ற காரியமல்ல.

சட்டம் சுருக்கமாக: மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது. 182ஏ(4) பிரிவில் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். வாரன்டி இன்ஜினைப் பொறுத்தவரை முடிந்த கதை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காத மாற்றம் கிளெய்மை மறுக்கக் காரணமாகலாம். எனவே, கழற்றிய ஒரிஜினல் ஏர்பாக்ஸ், பைப், பிராக்கெட்டுகள் பெங்களூர் ஒர்க்‌ஷாப்பிலேயே கிடந்தால் இந்த வாரமே கேட்டு வாங்கிவிடுங்கள். கம்ப்ரெஷன் ரிப்போர்ட் மோசமாக வந்தால் வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அவைதான் வேண்டும். புதுப்பேட்டையில் தேடினாலும் இந்த மாடலுக்கு முழு செட்டாகக் கிடைப்பது கஷ்டம்.