ஜூனில் வேடந்தாங்கலில் பறவையே இல்லையா?

ஜூனில் பிள்ளைகளோடு வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்துக்குப் போய், பறவையே பார்க்காமல் திரும்பியதாகச் சொல்லி, எப்போது போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். நீங்கள் போனபோது ஏரி காய்ந்து கிடந்ததில் ஆச்சரியமே இல்லை. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பி, மரங்களைச் சுற்றித் தண்ணீர் நின்றால்தான் நத்தைக்குத்தி நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். தண்ணீர்தான் அவற்றின் குஞ்சுகளுக்குக் காவல்.

கிளம்பும் முன் அந்தப் பக்கத்து ஆட்கள் யாரிடமாவது ஏரியில் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம், நேரம். மாலை 4 மணிக்குமேல் கரையில் இருங்கள். இரை தேடப் போனவை கூட்டமாகத் திரும்பும். பிள்ளைகளுக்கு அதுதான் திருவிழா. மதியம் போனால் வெள்ளைப் புள்ளிகள்தான் தெரியும். பைனாகுலர் 8 மடங்கு போதும், அதற்கு மேல் சின்னக் கையில் ஆடும்.

மழை பொய்த்த வருடம் என்றால் ஜனவரியிலும் ஏமாற்றம்தான்.