ஏ.வி.ஆர். பிரேக்கர் விழுந்துகொண்டே இருந்தால்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆன சில விநாடிகளில், லோடு போடாமலேயே ஏ.வி.ஆர். (வோல்டேஜைத் தானாகச் சீராக வைக்கும் கருவி) பிரேக்கர் ட்ரிப் ஆகிறது. ஏ.வி.ஆரை மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பழுது ஃபீல்டு (காந்தப்புலம் உண்டாக்கும் காயில்) பக்கம் இருந்தால் புது ஏ.வி.ஆரும் வீணாகும். செட்டை நிறுத்தி, யாரும் ஸ்டார்ட் செய்துவிடாதபடி பேட்டரி ஒயரையும் கழற்றிவிடுங்கள். ஏ.வி.ஆரிலிருந்து எக்சைட்டர் (மெயின் ரோட்டருக்குக் கரண்ட் தரும் சிறு ஜெனரேட்டர்) ஃபீல்டுக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் அடையாளம் வைத்துப் பிரித்து, காயிலின் ஓம் அளவை மீட்டரில் பாருங்கள். ஆல்டர்னேட்டர் (ஜெனரேட்டரில் மின்சாரம் உண்டாக்கும் பகுதி) மேனுவலில் உள்ள அளவைவிட நன்றாகக் குறைந்திருந்தால் உள்ளே ஷார்ட். அப்புறம் காயிலுக்கும் பாடிக்கும் இடையே 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் ஈரம் ஏறியிருக்கிறது, இல்லை இன்சுலேஷன் போய்விட்டது. மெக்கர் வைக்கும்போது ஏ.வி.ஆர். இணைப்பில் இருக்கவே கூடாது. அதன் எலக்ட்ரானிக்ஸ் தாங்காது.

காயில் சரி என்றால், ரோட்டரோடு சேர்ந்து சுற்றும் டயோடுகள். மூன்று பேஸ் எக்சைட்டரில் 6 இருக்கும். ஒன்று ஷார்ட் ஆனாலே ஃபீல்டு கரண்ட் எகிறிவிடும். ஒவ்வொன்றாக இணைப்பைப் பிரித்துப் பாருங்கள். ஒரு திசையில் மட்டுமே கடத்த வேண்டும். என் அனுபவத்தில் பலரும் பார்க்காமல் விடுவது பக்கத்திலிருக்கும் வேரிஸ்டரைத்தான் (வோல்டேஜ் திடீரென எகிறினால் டயோடுகளைக் காக்கும் பாகம்). அது கருகியோ வெடித்தோ இருந்தால் கண்ணாலேயே தெரியும். இவை எல்லாம் தேறிய பிறகுதான் ஏ.வி.ஆர். மேல் சந்தேகப்பட வேண்டும்.

கேள்வி: இன்ஜின் சூடாகட்டும் என்று ஐடிலில் ஓடவிடும்போது மட்டும் ட்ரிப் ஆகிறது.

பதில்: காரணம் அந்த ஐடிலேதான். நான்கு போல் ஆல்டர்னேட்டர் 50 ஹெர்ட்ஸ் தர 1500 ஆர்.பி.எம். வேண்டும். வேகம் குறைந்தால் வோல்டேஜ் இறங்கும். அதைத் தூக்க ஏ.வி.ஆர். ஃபீல்டுக்குக் கரண்டை ஏற்றிக்கொண்டே போகும். இதைத் தடுக்கத்தான் அண்டர் ஃப்ரீக்வென்சி செட்டிங் (வேகம் குறைந்தால் வோல்டேஜையும் இறங்கவிடும் அமைப்பு). அதை யாராவது திருகிவிட்டார்களா என்று பாருங்கள். அந்த வசதி இல்லாத பழைய ஏ.வி.ஆர். என்றால், இன்ஜின் முழு வேகத்துக்கு வரும்வரை எக்சைட்டேஷனை (ஃபீல்டுக்குப் போகும் கரண்டை) ஆஃபில் வையுங்கள்.

கேள்வி: பெரிய ஆம்பியர் பிரேக்கர் போட்டால் நிற்குமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ட்ரிப் நிற்கும், ஃபீல்டு காயில் எரியும். ரீவைண்டிங் செலவு உங்கள் தலையில் விழும்.

கேள்வி: 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 280 வரை ஏறிவிட்டு ட்ரிப் ஆகிறது.

பதில்: சென்சிங் ஒயரை (அவுட்புட் வோல்டேஜை ஏ.வி.ஆருக்குத் தெரிவிக்கும் ஒயர்) பாருங்கள். அது லூஸாக இருந்தால், வோல்டேஜ் வரவில்லை என்று நினைத்து ஏ.வி.ஆர். முழு எக்சைட்டேஷனையும் கொட்டும். அதிர்வில் டெர்மினல் ஸ்க்ரூ தளர்வது சகஜம். இறுக்கும்வரை அந்த செட்டில் எந்த லோடும் போடாதீர்கள்.