ஆவுளியாவின் பாதை: வலை போட்டவர்களும் அறுத்துவிட்டவர்களும்

கேள்வி: வேட்டையிலும் மீன்பிடித் தொழிலிலும் ஊறியவர்கள் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு உண்மையிலேயே உதவ முடியுமா? நேரில் கண்ட அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

முடியும் என்று உறுதியாகச் சொல்வேன். நான் தஞ்சாவூர் மாவட்டத்தில் மல்லிப்பட்டினத்தை அடுத்த ஒரு கடற்கரைக் கிராமத்தைச் சேர்ந்தவன். பதினாறு வயதில் அப்பாவுடன் கடலுக்குப் போகத் தொடங்கி, முப்பத்தெட்டு ஆண்டுகளாக நாட்டுப்படகில் தொழில் செய்து வருகிறேன். புத்தகங்களில் கடல் பசு என்று எழுதப்படும் விலங்கை எங்கள் கரையில் ஆவுளியா என்போம். என் அப்பா அதைப் பிடித்தவர். நான் அதை வலையிலிருந்து அறுத்து விட்டவன். இரண்டுக்கும் ஒரே அறிவுதான் தேவைப்பட்டது, அந்த அறிவு அப்பாவிடமிருந்தே எனக்கு வந்தது.

பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். எங்கள் கரையிலிருந்து இரண்டு மூன்று கடல் மைல் போன பிறகும் சில இடங்களில் இரண்டு பாகம், மூன்று பாகம் தண்ணீர்தான் இருக்கும் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறு அடி). அடியில் சேறும் மணலும் கலந்த தரையில் நாங்கள் தாழை என்று சொல்லும் கடற்புல் விரிந்து கிடக்கிறது. ஆவுளியாவுக்கு அதுதான் உணவு. வளர்ந்த விலங்கு ஒன்று ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ வரை புல் தின்னும். கீழ்நோக்கி வளைந்த வாயால் இலையை மட்டும் கடிக்காமல் வேரோடு பெயர்த்துத் தின்றுகொண்டே முன்னேறும். அதனால் அது மேய்ந்த இடத்தில் ஏறத்தாழ ஒரு சாண் அகலத்துக்குப் புல் இல்லாத வெற்றுத் தடம், சில அடி நீளத்துக்கு வளைந்து வளைந்து போகும். காற்று அடங்கித் தண்ணீர் தெளிந்திருக்கும் நாளில் படகின் விளிம்பிலிருந்து குனிந்து பார்த்தாலே அது தெரியும். அதைத்தான் அப்பா பாதை என்பார்.

அந்தப் பாதையைப் படிப்பதில் அவருக்கு நிகரானவர் எங்கள் ஊரில் இருந்ததில்லை. தடத்தின் ஓரத்தில் மண் கூர்மையாக நின்றால் நேற்று இரவு மேய்ந்தது, ஓரம் கரைந்திருந்தால் சில நாள் பழையது, புதுக் குருத்து தலைகாட்டியிருந்தால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டியதுதான் என்று கணக்குச் சொல்வார். காற்றில்லாத இரவில் படகில் அசையாமல் உட்கார்ந்திருந்து, ஆவுளியா மூச்சு விட மேலே வரும்போது எழும் ஓசையை வைத்துத் திசையையும் தொலைவையும் கணிப்பார். பிறகு கண் பெரிதான திருக்கை வலையைப் பாதைக்குக் குறுக்கே இறக்குவார்கள். வலையில் மாட்டிய ஆவுளியாவைக் கொல்ல வேறு ஆயுதம் தேவையில்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டிய விலங்கு அது, மேலே வர முடியாமல் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும்.

அந்த இறைச்சி கரைக்கு வந்தால் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பாத்திரத்தோடு ஆட்கள் வருவார்கள். மீனைவிட நல்ல விலை போகும். சிறுவனாக நானும் தின்றிருக்கிறேன். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-லேயே வந்துவிட்டது, அதன் முதல் அட்டவணையில் ஆவுளியாவும் இருக்கிறது. ஆனால் அந்தச் செய்தி எங்கள் கரைக்கு வந்து சேர்ந்து, மக்கள் மனத்தில் இறங்கப் பல ஆண்டுகள் ஆயின.

அப்பா நிறுத்தியது சட்டத்துக்குப் பயந்து அல்ல. நான் கடலுக்குப் போகத் தொடங்கிய காலத்தில் அவர் பாதைகளை எண்ணிக்கொண்டே இருந்தார். முன்பு ஒரு விடியலில் இருபது பாதை பார்த்த இடத்தில் ஐந்தும், பிறகு இரண்டும் ஆயின. ஒரு பருவம் முழுவதும் போய்விட்டு வந்து, "இனிமே தாழைக்குள்ள திருக்கை வலை வேண்டாம்ப்பா, இருக்கிறதே ஒண்ணு ரெண்டுதான்" என்று சொன்னார். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் அவர் சொல்லவில்லை. இந்தக் கணக்கு எவ்வளவு சரியானது என்பது பின்னால் ஆராய்ச்சியாளர்களிடம் பேசியபோதுதான் எனக்கு விளங்கியது. ஆவுளியா பதின்மூன்று பதினான்கு மாதம் சினையாக இருந்து ஒரே கன்று போடுகிறது. கன்று ஒன்றரை ஆண்டு வரை தாயிடம் பால் குடிக்கிறது. அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை ஆகலாம். எழுபது ஆண்டு வரை வாழக்கூடிய விலங்குதான், ஆனால் ஒரு பெண் ஆவுளியாவை வலையில் இழந்தால் அந்த இடத்தை நிரப்ப எத்தனை ஆண்டு பிடிக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

2017 மாசி மாதத்தில் ஒரு விடியற்காலையில், அக்காள் மகனும் நானும் வலையைப் படகுக்குள் இழுத்துக்கொண்டிருந்தோம். இரவில் நீரோட்டம் மாறி, வலையைத் தாழை இருக்கும் பக்கமாகத் தள்ளியிருந்தது. வலை திடீரென்று கனத்தது. பெரிய திருக்கை என்று நினைத்தேன். விளக்கை அடித்தபோது தண்ணீருக்கு மேல் இரண்டு மூக்குத் துளைகள் திறந்து, கனத்த மூச்சொன்று வெளிவந்து, உடனே மூடிக்கொண்டன. "மாமா, ஆவுளியா மாமா" என்று பையன் குரல் நடுங்கியது. "இழுக்காதே. மூக்கு தண்ணிக்கு மேல நிக்கட்டும், வால் பக்கம் போகாதே" என்றேன். அது அப்பா சொல்லித்தந்த பாடம். பிடிக்கும் காலத்தில் அவர் கவனித்தவை இரண்டு: பயந்த ஆவுளியா வாலால் அடித்தால் மனிதனின் கை முறியும், வலையை இழுக்க இழுக்க அது உருண்டு இன்னும் சிக்கிக்கொள்ளும்.

படகிலிருந்த மிதவைக் கட்டைகளைத் தலைக்கு அடியில் கொடுத்து, மூக்கு மேலே நிற்கும்படி பையன் பிடித்துக்கொண்டான். நான் தண்ணீரில் இறங்கி, முன்துடுப்பைச் சுற்றியிருந்த வலை நரம்பை ஒவ்வொரு கண்ணாக அறுத்தேன். அவ்வளவு அருகில் உயிரோடு இருக்கும் ஆவுளியாவை நான் அதுவரை பார்த்ததில்லை. மேலுதட்டில் தேங்காய் நார் போலத் தடித்த முடி. முதுகில் வெள்ளை வெள்ளையாக நீண்ட பழைய கீறல்கள். ஓர் ஓரத்தில் மென்று முடிக்காத தாழை இலை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. உடம்புக்குப் பொருத்தமில்லாத அளவுக்குச் சின்னக் கண், அதிலிருந்து கெட்டியான நீர் வடிந்தது. ஆவுளியா அழும் என்று எங்கள் ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள்; கண்ணைக் காக்கச் சுரக்கும் நீர் அது என்று இப்போது எனக்குத் தெரியும், ஆனாலும் அந்த நேரத்தில் அறுத்துக்கொண்டிருந்த என் கை ஒரு கணம் நின்றது. அரை மணி நேரத்துக்குள் வலையின் கடைசிக் கண்ணும் அறுந்தது. உடனே ஓடிவிடும் என்று நினைத்தேன்; ஓடவில்லை. இரண்டு முறை மூச்சு வாங்கிக்கொண்டு, மெல்ல அமிழ்ந்து போயிற்று.

பன்னிரண்டாயிரம் ரூபாய் பெறும் வலை அன்று வீணானது. பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கடந்து போய்விடும் இடம் இதுதான் என்பதால் சொல்கிறேன். வலை என்பது எங்களுக்கு முதல், பெரும்பாலும் கடன் வாங்கிய முதல். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, கரையில் செத்து ஒதுங்கிய ஆவுளியாவைப் பற்றித் தகவல் சொல்லப் போன எங்கள் ஊர்க்காரர் ஒருவரை, ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்க உட்காரவைத்து, நீதான் கொன்றாயா என்று விசாரித்து அனுப்பினார்கள். அதன் பிறகு எங்கள் பக்கம் வலையில் செத்த விலங்கைப் பற்றி வெகுகாலம் யாரும் வாய் திறக்கவில்லை. சொன்னால் வம்பு, சொல்லாவிட்டால் நிம்மதி என்ற நிலையில் எந்தக் கணக்கெடுப்பும் உண்மையாக இருக்க முடியாது.

குஜராத்தின் சௌராஷ்டிரக் கடற்கரை மீனவர்கள் இதை வேறு விதமாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஈரலின் எண்ணெய்க்காகத் திமிங்கலச் சுறாவை வேட்டையாடிய அதே ஊர்களில், 2004-இல் தொடங்கிய பிரசாரத்துக்குப் பிறகு, வலையில் சிக்கிய சுறாவை மீனவர்களே வலையை அறுத்து விடுவிக்கிறார்கள். அதைப் படம் எடுத்துக் காட்டினால் வலைக்கான இழப்பீட்டை வனத்துறை தருகிறது. எங்கள் பக்கத்திலும் 2016-இல் டேராடூனில் உள்ள இந்திய வனவுயிர் நிறுவனத்தின் ஆவுளியா மீட்புத் திட்டம் வந்த பிறகு நிலைமை நல்ல விதமாக மாறியது. விடுவித்தவர்களை மேடையில் அழைத்துப் பாராட்டினார்கள், ரொக்கப் பரிசு கொடுத்தார்கள், மீனவர் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகையும் வந்தது. அலுவலகத்துக்குப் போகவே தயங்கியவர்கள் இப்போது கடலிலிருந்தே கைப்பேசியில் படம் அனுப்புகிறார்கள்.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைத் தமிழ்நாடு அரசு கடல் பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டில் இந்த விலங்குக்கென அறிவிக்கப்பட்ட முதல் பாதுகாப்பகம் அது. தேசியப் பூங்காவைப் போலத் தொழிலை முழுவதும் தடுக்கும் ஏற்பாடு இல்லை என்பதால் நான் அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் எல்லை வரைந்துவிட்டதால் மட்டும் தாழை பிழைக்காது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது எங்கள் கரையில் படகுகள் நொறுங்கின, கடற்சேறு ஊருக்குள் வந்தது, அதோடு வேரோடு பிடுங்கப்பட்ட தாழையும் குவியல் குவியலாக ஒதுங்கியது. புயல் எப்போதோ ஒருமுறை வருகிறது. அடியை வாரிக்கொண்டு போகும் விசைப்படகுகளின் இழுவை மடி வலையோ வாரத்தில் பல நாள் வருகிறது. விசைப்படகுகள் கரையோரத்துக்குள் தொழில் செய்யக் கூடாது என்று 1983-ஆம் ஆண்டின் கடல் மீன்பிடிச் சட்டம் சொல்கிறது. அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினாலே ஆவுளியாவுக்கும் எங்கள் நண்டுக்கும் இறாலுக்கும் பாதிச் சிக்கல் தீரும். மூங்கில் சட்டங்களில் தேங்காய் நார்க் கயிறு கட்டி, அதில் தாழைக் கன்றுகளைப் பொருத்திக் கடலடியில் நடும் வேலையும் எங்கள் பக்கம் நடக்கிறது. எங்கே நட்டால் வேர் பிடிக்கும், எங்கே நீரோட்டம் பெயர்த்துவிடும் என்பதை அந்த இடத்தில் வலை போட்டவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்பாவுக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. கண் மங்கிவிட்டதால் கடலுக்கு வருவதில்லை. நான் கரையேறும்போது எவ்வளவு மீன் என்று கேட்பதற்கு முன்னால், "பாதை இருந்துச்சா?" என்றுதான் கேட்பார். போன மாசியில் தண்ணீர் கண்ணாடியாக இருந்த ஒரு காலையில் ஒன்பது எண்ணினேன். அவற்றில் ஒன்றுக்குப் பக்கத்திலேயே, அதோடு ஒட்டியபடி, நான்கு விரல் அகலத்தில் இன்னொரு பாதை போயிருந்தது. அதைச் சொன்னபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஓரத்தில் மண் கூர்மையாக நின்றதா என்று கேட்டார்.