பட்டியலின் அடியில் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க விமான நிறுவனம் ஒன்றில் மூன்றாவது ஆண்டாகத் துணை விமானியாக இருக்கிறேன். ஏர்பஸ் 320. வயது 34. சீனியாரிட்டி (பணியில் சேர்ந்த வரிசை) பட்டியலின் கடைசி நூறு பேரில் நானும் ஒருவன். யூனியனோடு பேச்சுவார்த்தை நடக்கும்போதே, விட்டுக்கொடுக்காவிட்டால் 600 விமானிகளுக்கு ஃபர்லோ (சம்பளமில்லாத கட்டாய விடுப்பு) என்று நிர்வாகம் அறிவித்துவிட்டது. சம்பளத்தில் விட்டுக்கொடுத்தால் ஃபர்லோ இல்லை என்னும் ஒப்பந்தக் கடிதம் ஒன்று விரைவில் வாக்கெடுப்புக்கு வருகிறது. மூத்த கேப்டன்களுக்கு எங்களைப் பற்றிக் கவலையே இல்லை. எல்லோரும் சேர்ந்து கூடுதல் பறப்பை மறுப்போம் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஓடுகிறது. எப்படியும் வேலை போய்விடும் என்றே தோன்றுகிறது. நான் ஆதரித்து வாக்களிப்பதா, இப்போதே வேறு நிறுவனத்துக்குப் போவதா? மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

ஒரு துணை விமானி

அன்புள்ள நண்பருக்கு,

முதல் வேலையாக அந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியே வாருங்கள். நிதானமாகச் சொல்லவேண்டிய விஷயம் இல்லை இது. உங்கள் ஒப்பந்தம் 1926இல் ரயில்வேக்காக எழுதப்பட்டு 1936இல் விமானத்துறைக்கும் நீட்டிக்கப்பட்ட சட்டத்தின் கீழ் வருகிறது. அதன்படி ஒப்பந்தம் காலாவதியாவதில்லை, குறித்த தேதியில் திருத்தத்துக்குத் திறக்கிறது. சட்டம் சொல்லும் படிகள் முடியும்வரை இருக்கும் நிலையை இருதரப்பும் மாற்றக்கூடாது. நீங்கள் ஒருவர் களைப்பாக இருப்பதால் கூடுதல் பறப்பை மறுத்தால் அது உங்கள் உரிமை. பேசிவைத்துக்கொண்டு நூறு பேர் மறுத்தால் அது சட்டமீறல். 1999இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் கூட்டமாக நோய்விடுப்பு எடுத்தார்கள், நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகும் அது நிற்கவில்லை. யூனியன்மேல் விழுந்த அபராதம் ஏறத்தாழ 4.5 கோடி டாலர். 2008இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் 1,400க்கும் மேற்பட்ட விமானிகளை ஃபர்லோ செய்யத் தொடங்கிய காலத்திலும் இப்படிக் கூட்டு மறுப்பு நடந்தது. தடை உத்தரவு வாங்கியது நிர்வாகம். பேரம் பேசும் நேரத்தில் எதிர்த்தரப்பின் கையில் இப்படி ஒரு ஆயுதத்தைக் கொடுப்பதைப்போல மடத்தனம் வேறில்லை.

இனி அந்த 600. சில வாரங்களாகவே இந்த எண்களைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் சரியாக அங்கே வந்து நின்றது. பெருமளவு ஆட்குறைப்புக்கு 60 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டுச் சட்டம். அறிவிப்பு போகாத ஒருவரை அந்தத் தேதியில் அனுப்ப முடியாது என்பதால் நிறுவனங்கள் அகலமாகவே வலை வீசும். கொரோனா காலத்தில், 2020 ஜூலையில் யுனைடெட் எல்லாப் பிரிவிலும் சேர்த்து 36,000 பேருக்கு அறிவிப்பு அனுப்பியது. அக்டோபரில் உண்மையில் ஃபர்லோ ஆனவர்கள் சுமார் 13,000 பேர். நிர்வாகம் பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. அறிவிப்பில் இருப்பது உச்சவரம்பு. அதைத் தீர்ப்பு என்று வாசித்துவிட்டு வாக்குச்சீட்டை எடுக்காதீர்கள்.

எந்த விமானத்தை நிறுத்துகிறார்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. நான் முதலில் கேட்டிருப்பது அதைத்தான். ஃபர்லோ பட்டியலின் அடியிலிருந்து தொடங்குகிறது, ஆனால் உபரி ஆட்கள் பெரும்பாலும் மேலே இருக்கிறார்கள். ஒரு நீண்டதூர விமானத்தில் ஒரு கேப்டன், ஒரு துணை விமானி உபரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேப்டன் இறங்கிவந்து 320 கேப்டன் இருக்கையை எடுத்துக்கொள்வார். அவரால் இடம் இழந்த 320 கேப்டன் துணை விமானி இருக்கைக்கு இறங்குவார். நீண்டதூர விமானத்தின் துணை விமானியும் 320க்கு வருவார். அடியில் இரண்டு பேர் வெளியே போகிறார்கள், அதற்காக மூன்று பேருக்குப் பயிற்சி. புதிய விமான வகை என்றால் வகுப்பு, சிமுலேட்டர், தேர்வு, பிறகு பரிசோதக கேப்டனோடு பயணிகள் விமானத்தில் பறப்பு என்று ஒருவருக்கு ஆறு வாரம், இரண்டு மாதம் ஆகும். அத்தனை நாளும் அவருக்குச் சம்பளம் உண்டு, அவரால் நிறுவனத்துக்கு வருமானம் இல்லை. சிமுலேட்டர்களும் ஆசிரியர்களும் விரல்விட்டு எண்ணும் அளவுதான். பறப்பு குறையாத 320இல், உங்கள் இருக்கைக்கு வரவேண்டியவர் பயிற்சி முடிக்கும்வரை உங்களை வெளியே அனுப்பவும் முடியாது.

திரும்ப அழைக்கும்போது இதே ஏணியில் எல்லோரும் மேலே ஏறவேண்டும், அதற்கும் பயிற்சி. 90 நாளில் மூன்று முறை விமானத்தை மேலேற்றித் தரையிறக்காத விமானி பயணிகளோடு பறக்கமுடியாது என்பது விதி. ஓராண்டு வீட்டில் இருந்தவருக்கு ஏறக்குறைய முதலிலிருந்து. ஆகவே நீண்டதூர விமானங்களை நிறுத்துவதால் வரும் ஃபர்லோவில் முதல் பல மாதங்களுக்கு நிறுவனத்துக்கு மிச்சமே கிடையாது, செலவுதான். நிறுத்துவது 320 என்றால் கதை வேறு. அப்போது ஏணி குட்டையானது, உங்கள் பயத்துக்கும் காரணம் இருக்கிறது.

இந்தக் கணக்கு நிர்வாகத்துக்கும் தெரியும். 2020இல் டெல்டா தன் போயிங் 777களை மொத்தமாக நிறுத்தியது, 1,941 விமானிகளை ஃபர்லோ செய்யப்போவதாகவும் சொன்னது. கடைசியில் நவம்பரில், பறக்காவிட்டாலும் சம்பளம் கிடைக்கும் மாத உத்தரவாத மணிநேரத்தில் 5 சதவீதம் வரை குறைப்பதற்கு ஈடாக 2022 ஜனவரிவரை ஃபர்லோ இல்லை என்று உடன்பாடு வந்தது. யுனைடெட்டில் இருக்கும் பறப்பைப் பகிர்ந்துகொண்டு 2,850 விமானிகளைக் காப்பாற்றினார்கள். அமெரிக்கனில் உடன்பாடு வரவில்லை, அக்டோபர் 1 அன்று சுமார் 1,600 விமானிகள் வெளியே போனார்கள். டிசம்பரில் அரசின் இரண்டாவது சம்பள உதவி வந்ததும் அவர்களைத் திரும்ப அழைத்தார்கள்.

டெல்டா விமானிகள் விட்டுக்கொடுத்தது மணிநேரத்தை என்பதைக் கவனியுங்கள். உங்கள் வரைவில் குறைவது மாத உத்தரவாத மணிநேரமா, மணிநேர ஊதியமா? மணிநேரம் என்றால் பறப்பு கூடும்போது தானே திரும்பிவிடும். ஊதிய விகிதத்தில் கைவைத்தால் அடுத்த ஒப்பந்தப் பேச்சு அந்தக் குறைந்த எண்ணிலிருந்து தொடங்கும், ஓய்வூதியப் பங்களிப்பும் சதவீதக் கணக்கில் கூடவே சரியும். குறைப்பு எந்தத் தேதியில் தானாக நீங்குகிறது என்று பாருங்கள். "மீண்டும் பேசி முடிவு செய்யப்படும்" என்றிருந்தால் அது வாக்குறுதியே அல்ல. ஃபர்லோ இல்லை என்ற உறுதிக்குப் பக்கத்திலேயே விலக்குகள் இருக்கும். போரும் அரசு ஆணையும் இருந்தால் சரி. "தேவை குறைவு" என்ற இரண்டு சொல் அங்கே நுழைந்திருந்தால் கடிதம் முழுவதும் வெற்றுக்காகிதம், எதிர்த்து வாக்களியுங்கள். இல்லையென்றால், தேதியும் மணிநேரமும் தெளிவாக இருந்தால், ஆதரியுங்கள்.

மூத்தவர்களைப் பற்றி நீங்கள் எழுதிய வரி எனக்குப் பிடிக்கவில்லை. 2007 டிசம்பரில் கட்டாய ஓய்வு வயது 60இலிருந்து 65 ஆனது. வயதால் விலகவேண்டியவர்கள் தங்கிவிட்டார்கள், அடுத்த ஆண்டே பொருளாதாரம் சரிந்தது, இளையவர்கள் ஆண்டுக்கணக்கில் அசையாமல் நின்றார்கள். அந்த வடு உண்மை. ஆனால் 2020இல் டெல்டாவில் மட்டும் சுமார் 1,800 பேர் முன்கூட்டியே ஓய்வு பெற்றார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் பட்டியலின் அடியில் ஒருவரைக் காப்பாற்றினார்கள். உங்கள் யூனியன் முன்கூட்டிய ஓய்வுத் திட்டம் கேட்டிருக்கிறதா? கூட்டத்தில் அதைக் கேளுங்கள்.

வேறு நிறுவனத்துக்கு இப்போது போகவேண்டாம். போகும் இடத்திலும் சீனியாரிட்டியில் கடைசி எண்தான், அதுவும் இந்த எண்ணை விட்டுக்கொடுத்த பிறகு. ஃபர்லோவைப் பணிநீக்கம் என்று மொழிபெயர்க்கும் பழக்கத்தால்தான் இந்தக் குழப்பமே. ஃபர்லோ ஆனவரின் சீனியாரிட்டி எண் பட்டியலில் உயிரோடு இருக்கிறது, அழைப்பு அதே வரிசையில் வரும். அந்த அழைப்பு நிறுவனத்திடம் பதிவாகியிருக்கும் முகவரிக்கு வரும், ஒப்பந்தம் சொல்லும் நாட்களுக்குள் பதில் தராவிட்டால் எண் போய்விடும். வீடு மாறினால் அன்றே முகவரியை மாற்றுங்கள். நிறுவனக் கணினிக்கான அனுமதி நிற்பதற்கு முன் பறப்பு மணிநேரப் பதிவுகளையும் பயிற்சிச் சான்றுகளையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது ஆகாததால் உங்கள் முதல்வகுப்பு மருத்துவத் தகுதிச் சான்று 12 மாதம் செல்லும், அதைக் காலாவதியாக விடாதீர்கள்.

மனைவியிடம் இன்றிரவே சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் வைத்திருப்பது அவரைக் காப்பதாகாது. ஃபர்லோ வந்தால் நிறுவன மருத்துவக் காப்பீட்டைப் பொதுவாக 18 மாதம் தொடரலாம், ஆனால் நிறுவனத்தின் பங்கும் சேர்த்து முழுத் தவணையில் 102 சதவீதம்வரை உங்கள் கையிலிருந்து போகும். முடிவெடுக்க 60 நாள் தருவார்கள். அவர் வேலை பார்ப்பவராக இருந்தால், அவருடைய அலுவலகக் காப்பீட்டில் உங்களைச் சேர்க்கக் கிடைக்கும் அவகாசம் இன்னும் குறைவாக, பெரும்பாலும் 30 நாள்தான் இருக்கும். அதை அவர்தான் விசாரிக்கவேண்டும்.