மாணவர்களை வலுவான வாதக் கட்டுரை எழுத வைப்பது எப்படி?

கேள்வி: பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். வாதக் கட்டுரை எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக அலங்காரம்தான் வருகிறது, வாதம் வரமாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

என்ன தலைப்பு கொடுத்தீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. 'நெகிழி ஒழிப்போம்', 'மரம் வளர்ப்போம்' வகையறாவாகத்தான் இருக்கும். மரம் வளர்க்கக் கூடாது என்று யார் சொல்கிறார்கள்? எதிரில் ஆளே இல்லாதபோது பிள்ளைகள் யாரோடு வாதாடுவார்கள்? இயற்கை அன்னை கண்ணீர் வடிக்கிறாள் என்று ஆரம்பித்து, நடுவில் இரண்டு குறளைச் செருகி, 'உறுதி ஏற்போம்' என்று முடித்துக் கொடுப்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

நான் வாணியம்பாடி பக்கம் அரசுப் பள்ளியில் தமிழாசிரியர். 2019-இல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்ததில் திருப்பத்தூர்க்காரர்கள் ஆகிவிட்டோம். என் வயதுக்காரர்களுக்கு இன்னும் வட ஆற்காடுதான். எங்களுக்குத் தலைப்பு தேடி அலைய வேண்டியதில்லை. பாலாறு இருக்கிறது, டேனரி (தோல் பதனிடும் ஆலை) இருக்கிறது. 'பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளை மூட வேண்டுமா?' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் தோல் தொழிலில் இருப்பார். மீதிப் பாதியில் டேனரிக் கழிவுநீரால் நிலத்தை இழந்த வீடுகள் உண்டு. (இவன் முதலாளி ஆள் என்றோ, தொழிலைக் கெடுக்க வந்தவன் என்றோ கிளம்பி வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: எனக்கு இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.)

ஒரு பையன், 'மூட வேண்டும்' கட்சி. முதல் பக்கம் முழுக்க அன்னையின் கண்ணீர். கடைசியில் ஒரு வரி மட்டும்: 'எங்கள் தாத்தா கிணற்றுத் தண்ணீரில் துணி துவைத்தால் சோப்பு நுரைக்காது.' மேலே இருக்கும் அத்தனையையும் அடித்துவிட்டு இந்த வரியிலிருந்து ஆரம்பி என்றேன். "இது ரொம்பச் சின்ன விஷயம் ஐயா" என்றான். சின்ன விஷயம்தான், ஆனால் அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

எதிர்க்கட்சியில் ஒரு பெண். அவள் அம்மா ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கிறார். அவளுடைய வாதத்தை நீ எழுது, உன் வாதத்தை அவள் எழுதட்டும் என்று மாற்றிவிட்டேன். பையனுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா ஐயா, அவங்க பேச்சையே நான் எழுதிக் குடுத்தா நான் தோத்துட மாட்டேனா?" எழுதினான், வேண்டாவெறுப்பாக: 'கம்பெனியில் வேலை செய்தால் பணம் கிடைக்கும்.' எழுதியதை எதிராளி படித்து, 'ஆமாம், நான் சொல்வது இதுதான்' என்று கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த பத்தி என்பது என் நிபந்தனை. அவள் போட மறுத்துவிட்டாள். "பணம்னு மட்டும் எழுதினா ஆச்சா? எங்கம்மாவுக்கு பி.எஃப். பிடிக்கிறாங்க, வீட்டாண்ட வேன் வருது, சம்பளம் அவங்க கையில வருது. அப்புறம், ஷூ கம்பெனி வேற, டேனரி வேற. நாங்க தோலைப் பதப்படுத்தறதே இல்லை."

அந்தக் கடைசி வரியில்தான் கட்டுரை திரும்பியது. எல்லாவற்றையும் மூடு என்று எழுதியவன், பதப்படுத்தும் இடத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் செலவு யார் தலையில் விழ வேண்டும் என்று எழுத ஆரம்பித்தான். கேள்வி சுருங்கியது, வாதம் இறுகியது. அவளும் அவன் தாத்தா கிணற்றைத் தவிர்த்துவிட்டுப் போக முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் உச்ச நீதிமன்றம் 1996-இல் கொடுத்த தீர்ப்பை எடுத்தேன். டேனரிக் கழிவுநீரை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். நம் வேலைக்கு வேண்டியது அதன் வாதம் நடக்கும் விதம். தோல் தொழில் அந்நியச் செலாவணி ஈட்டுகிறது, பதனிட்ட தோல் ஏற்றுமதியில் ஏறக்குறைய 80 சதவீதம் தமிழ்நாட்டுடையது, வேலை தருகிறது என்று எதிர்த்தரப்பின் பலத்தை முதலில் ஒப்புக்கொள்கிறது. அதற்கப்புறம்தான், ஆனாலும் சுற்றுச்சூழலை அழிக்கவும் மக்களின் உடல்நலத்தைக் கெடுக்கவும் அதற்கு உரிமை இல்லை என்கிறது. தமிழில் சொல்லிக் காட்டியபோது அந்தப் பையன், "அவங்களும் எதிர்க்கட்சிய எழுதிட்டுத்தான் ஆரம்பிக்கிறாங்க" என்றான்.

இது ஒன்றும் வெளிநாட்டுச் சரக்கு இல்லை. நன்னூல் சொல்லும் எழுவகை மதத்தில் (மதம் என்றால் இங்கே கொள்கை) பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவது என்று ஒன்று உண்டு. அதை மனப்பாடம் செய்து ஒப்பித்தவர்கள்தான் நாம் எல்லோரும். கட்டுரைக்குள் கொண்டுவந்தவர்கள் குறைவு.

'8 மதிப்பெண் கட்டுரைக்கு இவ்வளவா? முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை இருந்தால் மார்க் விழுந்துவிடும்' என்பீர்கள். உட்தலைப்பை நானும் போடச் சொல்கிறேன், திருத்துகிறவர் கண்ணில் பட வேண்டுமே. அதன் கீழே ஒரு காரணம், ஒரு சான்று, எதிராளிக்கு ஒரு பதில் இருந்தால் போதும். இரண்டு மணி நேரம் அடுத்தடுத்து கிடைத்தால் செய்யலாம். எங்கே கிடைக்கிறது? ஆன்லைனில் விவரம் ஏற்று, அந்தப் பட்டியல் அனுப்பு, இந்தப் படம் அனுப்பு என்று பாதி நாள் போனிலேயே போகிறது. வெளியூர்ப் பயிற்சிக்குப் போனால் இன்னொரு கொடுமை. வேலூர்ப் பக்கம் என்று வாயெடுத்ததும், "ஆஸ்பத்திரி இருக்கே, அங்கேயா?" அடுத்தது ஜெயில், அதற்கடுத்தது வெயில். ஆறிருந்தும் நீரில்லை, கோட்டை இருந்தும் அரசனில்லை, கோயில் இருந்தும் சாமியில்லை என்ற பழைய கேலியையும் விடுவதில்லை. கோட்டைக்குள் இருக்கும் கோயிலின் சாமி ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே கோயிலுக்குள் வந்துவிட்டார், அதையாவது தெரிந்துகொண்டு பேசலாம்.

சரி, உங்கள் ஊரில் டேனரி இருக்காது. 1806 வேலூர்ப் புரட்சியைக் கொடுத்துப் பாருங்கள்: 'முதல் விடுதலைப் போர் இதுவா, 1857-ஆ?' திப்புவின் குடும்பம் கோட்டைக்குள் காவலில் இருந்தது, புலிக்கொடி ஏறியது என்று ஒரு பக்கம் பேசும். புதிய தலைப்பாகை, நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் தடை என்று சிப்பாய்களின் மனக்குறையில் கிளம்பியது, ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்ததும் அன்றே அடங்கிவிட்டது என்று மறுபக்கம் பேசும். இரண்டுக்கும் சான்று இருக்கிறது. எங்கள் பள்ளியில் இரண்டாவது பக்கத்துக்கு ஒரு பிள்ளைகூட வராது, நான்தான் நிற்க வேண்டியிருக்கும். உங்கள் வகுப்பில் ஆள் கிடைப்பார்கள்.