வெயில் ஏறினால் காட்டு விலங்குகள் எங்கே ஒதுங்கும்? – கேள்வி பதில்

திருச்சியிலிருந்து: மேடம், வானிலை அறிக்கையில் 40 டிகிரி என்றால் காட்டு விலங்குக்கும் அதே 40 தானே?

இல்லைங்க. அந்த 40, தரையிலிருந்து மார்பளவு உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் அளந்தது. அதே நேரத்தில் பக்கத்துப் பாறையில் கை வைக்க முடியாது. ஒரு மீட்டர் ஆழத்து வளைக்குள்ளோ இரவும் பகலும் ஏறக்குறைய ஒரே சூடு. விலங்குக்குக் கணக்கு தன்னைச் சுற்றியுள்ள சில அடிதான். அதைத்தான் நுண்காலநிலை என்கிறோம்.

மதுரையிலிருந்து: இதெல்லாம் ஊகமா, யாராவது பார்த்திருக்கிறார்களா?

நூறு வருஷம் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் எந்த இடத்தில் எந்த உயிரினம் இருந்தது என்று விலங்கியலாளர் ஜோசப் கிரின்னலின் குழுவினர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குறித்து வைத்தார்கள். அண்மையில் அதே இடங்களுக்குப் போனவர்கள், ஓரிடத்தில் இருந்த பறவை இனங்களில் சராசரியாக 43% காணாமல் போனதைக் கண்டார்கள். எலி, அணில் போன்ற சிறு பாலூட்டிகளோ பெரும்பாலும் அப்படியே இருந்தன. பறவை பகலில் வெளியே திரிகிறது. உடம்பைக் குளிர்விக்க நீரை ஆவியாக்கியாக வேண்டும், பாலையில் அந்த நீருக்கு எங்கே போவது? எலிக்கு வளை இருக்கிறது, இரவும் இருக்கிறது.

ஊட்டியிலிருந்து: அக்கா, குளிர்ப் பிரதேச விலங்குக்கு வளை போதுமா?

பைக்காவைச் சொல்கிறேன். முயலுக்கு உறவு, எடை 150 கிராம் அளவில். அமெரிக்காவின் மேற்கு மலைகளில், உருண்டு விழுந்த பாறைக் குவியல்களுக்குள் வாழ்கிறது. குளிர்கால உறக்கம் கிடையாது. கோடையிலேயே புல்லை அறுத்து, காயவைத்து, அடுக்கிவைக்கும். உடல் வெப்பமே 40 டிகிரியை ஒட்டி இருப்பதால், சில டிகிரி கூடினாலும் செத்துவிடும். ஒதுங்க இடமில்லாவிட்டால் நமக்கு இதமான 26 டிகிரிகூட அதற்கு ஆபத்து.

பாறை இடுக்குகளில் கனத்த குளிர்காற்று தேங்கி நிற்கும். சில குவியல்களின் அடியில் பனிக்கட்டியே இருக்கும். வெயில் ஏறினால் உள்ளே, தணிந்தால் வெளியே. ஓரிகன் – வாஷிங்டன் எல்லையில் கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கில் கடல் மட்டத்தை ஒட்டிய உயரத்தில்கூட பைக்கா இருக்கிறது. காரணம், பாறை மேல் மெத்தையாகப் படர்ந்த பாசி. வெப்பத்தையும் தடுக்கிறது, தீனியும் அதுவே. இன்னொரு பக்கம், கலிபோர்னியாவின் போடி பகுதியில் பழைய சுரங்கக் கற்குவியல்களில் வாழ்ந்த பைக்காக்கள் தெற்குப் பாதியில் அற்றுப்போய்விட்டன. கல் இருந்தால் மட்டும் போதாது.

குளிர்காலத்தில் அதற்குப் போர்வை வெண்பனிதான். பனி குறைந்தால் அதே பைக்கா குளிரில் மாட்டிக்கொள்ளும்.

கோத்தகிரியிலிருந்து: கோலா மரத்தைக் கட்டிப்பிடித்துத் தூங்குவது சோம்பலாலா?

சோம்பல் உண்டுதான், நம் ஊர் கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலையைத் தின்று வேறென்ன செய்யும்! ஆனால் வெயில் நாளில் கட்டிப்பிடிப்பதற்குக் காரணம் வேறு. ஆஸ்திரேலியாவின் பிரெஞ்சு தீவில் நடந்த ஆய்வு 2014-இல் வெளியானது. வெப்பம் ஏற ஏற கோலாக்கள் கீழ்க் கிளைக்கு இறங்கி அடிமரத்தில் வயிற்றை ஒட்டிக்கொண்டன. தீனி தராத ஒருவகை வாட்டில் மரத்தையும் தேடிப் போயின. அதன் தண்டு காற்றைவிட 5 டிகிரி வரை குளிர்ச்சி. மூச்சிரைத்து இழக்கும் நீரில் ஏறக்குறைய பாதி மிச்சம்.

அந்த வாட்டில் வேறொன்றுமில்லை, உங்கள் ஊர்ச் சீகை மரம்தான். அங்கே கோலாவைக் காப்பாற்றுகிறது. இங்கே வரையாட்டின் புல்வெளியை விழுங்குகிறது.

சேலத்திலிருந்து: அப்படியானால் விலங்குகளே சமாளித்துக்கொள்ளும் என்று விடலாமா?

கூடாது. 2018 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் பகுதியில் வெப்பம் 42 டிகிரியைத் தாண்டியது. மரத்தில் தொங்கிய கண்ணாடிப் பழவௌவால்கள் (மூக்குக்கண்ணாடி போட்டதுபோல் முகம் உள்ளவை) சுமார் 23,000 இரண்டே நாளில் செத்து விழுந்தன. நிழலுக்கும் எல்லை உண்டு.

தஞ்சாவூரிலிருந்து: விலங்கு, பறவை ஒதுங்க மரத்தில் பெட்டி மாட்டிவிட்டால் மரப்பொந்துக்கு ஈடாகாதா மேடம்?

மெல்லிய பலகைப் பெட்டி வெளிக்காற்றோடு சேர்ந்தே சுடும். பெருமரப் பொந்தின் சுவர் தடிமன்; பகலில் மெதுவாகச் சூடேறும், இரவில் மெதுவாக ஆறும். அதனால் பொந்துள்ள கிழமரத்தை வெட்டாதீர்கள். மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மேற்கு வெயில் படாத பக்கமாக, வெள்ளை பூசி மாட்டுங்கள்.